பூட்டா, எச்சரிக்கைப் பலகையா?

ஆபத்தான முதலீடுகளிலிருந்து சாதாரண மக்களைக் காக்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி இரண்டு வழிகளைக் கையாள்கிறது. ஒன்று, வாசலிலேயே தடுப்பது: தொடக்க நிறுவனங்கள், ரியல் எஸ்டேட் போன்றவற்றில் பணம் போடும் மாற்று முதலீட்டு நிதிக்குப் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் வேண்டும், ஒருவரின் முதலீட்டை அவருக்கெனத் தனியாக நிர்வகிக்கும் பிஎம்எஸ் சேவைக்கு 50 லட்சம். இன்னொன்று, உள்ளே விட்டு எச்சரிப்பது: மியூச்சுவல் ஃபண்டில் சில நூறு ரூபாயோடு நுழையலாம், ஆபத்தின் அளவை ரிஸ்கோமீட்டர் காட்டும்.

முதல் வழியான பூட்டு பணப்பையை மட்டும்தான் பார்க்கிறது. ஓய்வுபெற்றபோது 60 லட்சம் கைக்கு வந்த ஒருவர், சந்தையைப் பற்றி எதுவும் தெரியாமலே பிஎம்எஸ்ஸில் நுழையலாம். கணக்கு வழக்குகளைக் கரைத்துக் குடித்த இளம் ஆடிட்டர் வெளியே நிற்க வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, எச்சரிக்கை போதுமா? அதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம், கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் தன் 6 மியூச்சுவல் ஃபண்டுகளை மூடியபோது, அவசரத்துக்கு எடுக்கலாம் என்று போட்டவர்களின் பணமும் முடங்கியது. பிற்பாடு தவணைகளாகத் திரும்பி வந்தது என்றாலும், அந்தக் காத்திருப்பு சின்னக் குடும்பத்துக்குப் பெரிய அடி. பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப்&ஓ வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொன்னது.

அதனால் நான் பூட்டின் பக்கம்தான். ஆனால் சாவி பணமாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு எளிய தேர்வில் தேறியவரையும், சேமிப்பில் சிறு பங்கை மட்டும் போடும் நிபந்தனையோடு, உள்ளே விட வேண்டும்.