மாடி அறைத் தொலைக்காட்சிக்கு எது சரி: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கம்பியா?

தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் ஃபைபர் இணைய இணைப்பு பெரும்பாலும் வாசல் பக்கத்து அறையோடு நின்றுவிடுகிறது. கம்பத்திலிருந்து வரும் கேபிள் எங்கே வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே, கைக்கு எட்டிய பிளக் பாயிண்ட் ஒன்றின் அருகில் மோடத்தை (வைஃபை தரும் ரவுட்டரும் பெரும்பாலும் இதுவே) மாட்டிவிட்டுப் பணியாளர் போய்விடுகிறார். தொலைக்காட்சியோ மாடியில், இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களுக்கும் இரும்புக் கம்பி நிறைந்த ஒரு கான்கிரீட் தளத்துக்கும் அப்பால் இருக்கிறது. படம் நடுவில் நின்று வட்டம் சுழலும்போது பலரும் முதலில் செய்வது, மாதக் கட்டணத்தை உயர்த்தி இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவதுதான். பெரும்பாலும் அது வீண் செலவாகவே முடிகிறது. 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆகவே 50 எம்பிபிஎஸ் திட்டமே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அந்த வேகம் சுவர்களைக் கடந்து, இடையில் அறுந்துவிடாமல், தொலைக்காட்சியை அடைகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அறுந்துவிடாமல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திரைப்படம் ஓடும்போது செயலி அடுத்து வரவிருக்கும் காட்சிகளைச் சிறு துண்டுகளாக முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொள்வதால், சில நொடிகள் சிக்னல் தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. நேரலைக் கிரிக்கெட்டில் அப்படி முன்கூட்டி இறக்கிவைக்க அதிகம் இருப்பதில்லை. படம் நன்றாக ஓடுகிறது, மேட்ச் மட்டும் நிற்கிறது என்ற புகாருக்குப் பல வீடுகளில் இதுவே விளக்கம். எந்தக் கருவியை வாங்கினாலும் அதை நேரலையில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையும் இருக்கிறது. இரவு ஒன்பது மணி வாக்கில் மோடத்தின் அருகில் ஒரு முறையும், தொலைக்காட்சியின் அருகில் ஒரு முறையும், ஒரே கைப்பேசியில் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். மோடத்தின் அருகிலேயே வேகம் படுத்திருந்தால் கோளாறு வெளி இணைப்பில் இருக்கிறது; வீட்டுக்குள் எந்தக் கருவியை மாட்டினாலும் அது தீராது. அங்கே நன்றாக இருந்து மாடியில் மட்டும் சரிந்தால்தான் கீழே சொல்லப்போகும் வழிகளுக்கு வேலை.

செலவில்லாத வழி, இடத்தை மாற்றுவது. இரும்பு பீரோவின் பின்னால், லாஃப்டின் மூலையில், தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் ஒளித்து வைக்கப்பட்ட ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைத்தாலே சில வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஃபைபர் கேபிளை நீட்டி மோடத்தையே மாடிப்படி அருகில் மாட்டச் சொல்லிக் கேட்பதும் பயன் தரும். இணைப்பு கொடுக்கும் நாளிலேயே கேட்டால் அது எளிது. வைஃபை எந்த அலைவரிசையில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு ஊடுருவும்; ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், 1, 6, 11 என்ற மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் அது சோர்ந்துவிடும். எனவே மோடமும் தொலைக்காட்சியும் ஒரே தளத்தில் இருந்தால் 5, இடையில் கான்கிரீட் தளம் இருந்தால் வேறு வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேறு வழிகளில் மலிவானது, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது, பிளக்கில் செருகினால் முடிந்தது. ஆனால் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், கேட்பதும் பேசுவதும் மாறி மாறிச் செய்ய வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடுகிறது. ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் அனுப்பும் இரட்டை அலைவரிசைக் கருவிகளில் இந்த இழப்பு குறைவு. பலர் அதைச் சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். வாங்குவதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் அது எதைத் திருப்பி அனுப்பும்? மோடத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், மாடிப்படித் திருப்பம் போன்ற இடத்தில்தான் அது இருக்க வேண்டும். ஒரே ஒரு சுவர் குறுக்கே நிற்கும் வீட்டில், 1080பி தரத்தோடு திருப்தி அடைபவருக்கு இது போதும். நேரலைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு மூன்று வைஃபை கருவிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் மெஷ்தான் இன்று அதிகம் விளம்பரம் பெறுவது. இரண்டு கருவிகள் கொண்ட தொகுப்பு ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாயிலிருந்து தொடங்கி மேலே போகிறது. வீடு முழுவதும் ஒரே பெயர், நடந்துகொண்டே பேசினாலும் அறுபடாத கைப்பேசி அழைப்பு ஆகியவை உண்மையான நன்மைகள்தான். ஆனால் தொலைக்காட்சி நடப்பதில்லை. மெஷ்ஷின் தனிச்சிறப்புக்கு அதனிடம் வேலையே இல்லை. கடைகளில் சொல்லாமல் விடும் ஒரு செய்தியும் உண்டு: விலை குறைந்த இரட்டை அலைவரிசை மெஷ்ஷில் இரு கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்வதும் தொலைக்காட்சியோடு பேசுவதும் ஒரே ரேடியோவில் (அலைகளை அனுப்பி வாங்கும் பகுதியில்) நடக்கின்றன என்பதால், ரிப்பீட்டரிடம் கண்ட குறை இங்கும் ஓரளவு தொடர்கிறது. தமக்குள் பேசத் தனி ரேடியோ வைத்திருக்கும் மூன்று அலைவரிசை மெஷ்ஷில் அந்தக் குறை இல்லை, ஆனால் விலை அதிகம். மெஷ்ஷை மோடத்தோடு இணைக்கும்போது, ரவுட்டர் வேலையை மோடத்துக்கே விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைப்பது நல்லது. இல்லையென்றால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள் உருவாகி, ஒன்றில் இருக்கும் கைப்பேசியிலிருந்து மற்றதில் இருக்கும் தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்ப (காஸ்ட் செய்ய) முடியாமல் போகும். மாடியில் உள்ள கருவிக்கும் இன்வெர்ட்டர் லைனிலிருந்தே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதை மின்வெட்டு வரும்வரை பலரும் நினைப்பதில்லை.

மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் கீழ்த்தளமும் மாடியும் வெவ்வேறு ஃபேஸில் இருக்க வாய்ப்பு அதிகம். இன்வெர்ட்டர் லைன் தனியாகப் பிரிந்து போகும். மிக்ஸி ஓடும்போது இரைச்சல் சேரும். திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விட நான் முன்னிறுத்துவது, பழைய நாகரிகமாகத் தோன்றும், மோடத்தையும் தொலைக்காட்சியையும் நேரடியாக இணைக்கும் லான் கம்பியை. கேட் 6 என்ற தரத்தைச் சேர்ந்த லான் கம்பி 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைச் சேதமின்றிக் கொண்டுசெல்லும். பல தொலைக்காட்சிகளில் அந்தக் கம்பியைச் செருகும் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; 15 எம்பிபிஎஸ் தேவைக்கு அது ஒரு குறையே அல்ல, ஏனெனில் அந்த நூறு எப்போதும் நூறாகவே இருக்கும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி எளிதில் ஒடியும், நீண்ட தூரத்தில் சொதப்பும். சுவரை உடைக்க வேண்டுமே என்ற தயக்கத்துக்கு வீட்டிலேயே விடை இருக்கலாம். டிடிஹெச் கேபிளுக்காக மொட்டைமாடியிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் சுவருக்குள் பைப் போட்டிருந்தால், இப்போது பயனில்லாமல் கிடக்கும் பழைய கேபிளின் நுனியில் லான் கம்பியைக் கட்டி எலக்ட்ரீஷியன் இழுத்துவிடுவார். மின்கம்பி ஓடும் பைப்பில் மட்டும் அதைச் சேர்த்துவிடக் கூடாது.

கம்பி மாடிக்குப் போய்விட்டால் இன்னொரு லாபமும் கிடைக்கிறது. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரில், மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தி, மோடத்தோடு மோதாத ஐபி முகவரி கொடுத்து, லான் போர்ட்டிலேயே அந்தக் கம்பியைச் செருகினால், அது ஆக்சஸ் பாயிண்ட் ஆகிவிடும். தொலைக்காட்சிக்கு அதிலிருந்து ஒரு சிறு கம்பி, கைப்பேசிகளுக்கு அதன் வைஃபை. அதிகச் செலவில்லாமல் மெஷ்ஷின் பெரும்பயன் கிடைத்துவிடுகிறது. புதிதாக மெஷ் வாங்குபவரும் இரு கருவிகளையும் இதே கம்பியால் இணைத்துக்கொண்டால், விலை குறைந்த தொகுப்பே போதுமானதாகிவிடும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்கள் தட்டையான லான் கம்பியைச் சுவரோரமாக ஒட்டி, கதவிடுக்கு வழியாக எடுத்துச் செல்லலாம். அதற்கும் வழியில்லாத வீட்டில்தான் மெஷ் தன் விலைக்கு உரிய மதிப்பைப் பெறுகிறது. பைப் அடைத்துக்கொண்டு வெளிச்சுவர் வழியாகவே கம்பியைக் கொண்டுபோக நேர்ந்தால், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கம்பியை வாங்கி, சன்ஷேடுக்குக் கீழே ஒட்டினாற்போல் ஓட்ட வேண்டும். மொட்டைமாடித் திறந்தவெளியில் செம்புக் கம்பியை விரித்துப் போட்டால், இடி மின்னல் காலத்தில் தொலைக்காட்சிக்கும் மோடத்துக்கும் சேர்த்தே ஆபத்து.