எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்: பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் புது கேம்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் அதை வாங்கியது பழைய கேம்களுக்காக. கொடைக்கானல் பக்கத்தில் வில்பட்டியில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பில்லர் ராக்ஸ் வரை போனாலும் வெறும் மஞ்சுதான். கெஸ்ட் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுக்கும் ஹாலில்தான் கிடக்கும். அவர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டி, எக்ஸ்பாக்ஸ் 360, ஒருவழியாகப் படுத்துவிட்டது. டிஸ்க்குகள் மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய மிச்சம். மதுரையில் செகண்ட் ஹேண்டில் இந்த சீரிஸ் எக்ஸ் கிடைத்தது, வாங்கிவிட்டேன்.

டிஸ்க்கைப் போட்டவுடன் கேம் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். 360-இல் இருந்தது பவர்பிசி வகை பிராசசர். இதில் இருப்பது ஏஎம்டியின் எக்ஸ்86. ஒன்றுக்காக எழுதிய புரோகிராமை மற்றது அப்படியே ஓட்டாது. அதனால் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு கேமையும் மாற்றித் தயார் செய்து சர்வரில் வைத்திருக்கிறது. டிஸ்க்கைப் போட்டால், இது என்ன கேம் என்று பார்த்துக்கொண்டு, முழுசாக நெட்டிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். டிஸ்க் வெறும் சாவிதான். ஆனால் விளையாடும்போதெல்லாம் அது உள்ளே இருந்தாக வேண்டும்.

ஒரு கேம் 6, 7 ஜிபி என்பது மதுரையில் ஒரு விஷயமே இல்லை. இங்கே ஒரு மரம் சாய்ந்தால் கேபிளும் சேர்ந்து போகும். நெட்காரருக்குப் போன் போட்டால் "நாளைக்கு ஆள் வரும்ணே" என்பார். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டில் அக்கா வீட்டுக்கே பஸ் ஏறினேன். "மாமா, இதுக்காகவா மலையிறங்கி வந்தீங்க?" என்று அக்கா மகன் சிரித்தான். சிரித்தாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து இறக்கிக் கொடுத்தவன் அவன்தான். 360 கேம்களை யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைத்தே ஓட்டலாம் என்று சொன்னதும் அவனே. சீரிஸ் எக்ஸுக்கென்று வந்த கேம்களுக்கு அந்த வசதி கிடையாது. அவை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பிலோ, இதற்கென்றே விற்கும் எக்ஸ்பான்ஷன் கார்டிலோதான் ஓடும்.

சரி, இதில் மலைக்காரனுக்கு ஒரு லாபமும் உண்டு. இந்த ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. எங்கள் சோனிக் ரேசிங் டிஸ்க்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. 360-இல் பாதி ரேஸில் நின்றுவிடும். பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து இதில் போட்டேன். தொடங்கும்போது டிஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டால் போதும், அதற்கப்புறம் கேம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதானே ஓடுகிறது! இப்போது நாலு பிள்ளைகள் திரையை நாலாகப் பிரித்துக்கொண்டு கத்துகிறார்கள், ஒரு இடத்திலும் நிற்பதில்லை. கேம் தொடங்கும்போது பழைய 360 லோகோ அப்படியே வருகிறது. கன்ட்ரோலரில் வியூ, மெனு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அந்தக் காலத்து கைடு மெனுகூடத் திறக்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் மாதிரி சில கேம்களை மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். பழைய டிஸ்க்கா இது என்று இருக்கிறது.

எல்லா டிஸ்க்கும் ஓடாது. முதல் எக்ஸ்பாக்ஸ், 360 இரண்டும் சேர்த்து 600க்கும் மேற்பட்ட கேம்கள் பட்டியலில் உண்டு. 2021 நவம்பரில் கடைசியாக 70க்கும் மேல் சேர்த்துவிட்டு, இனி இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். கார் ரேஸ் கேம்களில் முதல் ஃபோர்சா ஹொரைசன் ஓடும், ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 4 ஓடாது. கேமரா முன் உடம்பை அசைத்து ஆடும் கினெக்ட் கேம்கள் கிடையாது. காப்பி டிஸ்க்கை ஏறெடுத்தும் பார்க்காது. என் டின்னில் பாதி அப்படித்தான் கழிந்தது. 360 கன்ட்ரோலரும் ஒத்துவராது, 360க்கு அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கன்ட்ரோலரோ, சீரிஸ் கன்ட்ரோலரோதான் வேண்டும். நாலு பேர் ஆட நாலு கன்ட்ரோலர் என்றால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு எரிந்த இடம் இதுதான்.

சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கலாமே என்று கேட்பார்கள். பிஎஸ்4 டிஸ்க் இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஏறக்குறைய எல்லாமே ஓடும். பிஎஸ்2 டிஸ்க்குக்கு அங்கே வழியில்லை. 2006இல் வந்த முதல் பிஎஸ்3க்குள் பிஎஸ்2வின் சிப்பையே வைத்திருந்தார்கள், பிறகு செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். வீட்டில் பிஎஸ்2 இருந்தால் அதையே ரிப்பேர் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், இதன் தம்பியான சீரிஸ் எஸ் வேண்டாம், அதில் டிஸ்க் டிரைவே கிடையாது. 2024இல் வந்த வெள்ளை நிற சீரிஸ் எக்ஸிலும் கிடையாது. செகண்ட் ஹேண்ட் என்றால் கடைக்கே ஒரு பழைய டிஸ்க்கை எடுத்துப் போய், நெட் போட்டு, இறக்க ஆரம்பிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.