வாட்டர் பிளாக் ஒப்பீடு: இரண்டு டிகிரிக்காக எவ்வளவு செலவழிக்கலாம்?

கணினி ப்ராசஸரின் மேல் பொருத்தி, உள்ளே ஓடும் நீரால் அதன் சூட்டை எடுக்கும் வாட்டர் பிளாக்குகளை ஒப்பிடுகையில், திரையில் தெரியும் ப்ராசஸர் வெப்பநிலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. அறையின் சூடு, நீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் அளவு, விசிறிகளின் வேகம் எல்லாமே அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. பிளாக்கின் தகுதியை மட்டும் பிரித்தறிய, கூலண்டின், அதாவது சுற்றில் ஓடும் குளிர்விக்கும் நீரின், வெப்பநிலையைத் தனியே அளந்து, ப்ராசஸர் அதைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டில் அந்த வித்தியாசத்தையே கணக்கில் கொண்டேன். பம்ப், தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் பிளாக்குக்கும் இடையே பூசும் பசை), மின்சுமை மூன்றையும் மாற்றவில்லை. ஒவ்வொரு பிளாக்கையும் பலமுறை கழற்றி மாட்டி அளந்தேன்.

சோதனைக்கு எடுத்தவை மூன்று: வாட்டர்கூல் நிறுவனத்தின் ஹீட்கில்லர் 4 ப்ரோ, அக்வா கம்ப்யூட்டரின் குப்ளெக்ஸ் கிரயோஸ் நெக்ஸ்ட், பெயர் சொல்லும்படியான முத்திரை ஏதுமில்லாத மலிவான பிளாக் ஒன்று. மூன்றின் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். செம்புத் தகட்டில் மயிரிழை போன்ற மெல்லிய வரிகள் சீவப்பட்டிருக்கின்றன. நடுவிலுள்ள குறுகிய பிளவு வழியே பாய்ந்து இறங்கும் நீர், வரிகளுக்கிடையே இருபுறமும் பிரிந்து வெளியேறுகிறது.

முதல் இரண்டையும் வெப்பநிலையை வைத்து வரிசைப்படுத்த என்னால் முடியவில்லை. அவற்றுக்கிடையே தெரிந்த வித்தியாசத்தைவிட, ஒரே பிளாக்கைக் கழற்றி மறுபடி மாட்டும்போது ஏற்படும் வித்தியாசம் பெரிதாக இருந்தது. எனவே, ஒரே ஒரு முறை மாட்டி அளந்துவிட்டு அரை டிகிரியில் வெற்றி தோல்வி அறிவிக்கும் அட்டவணைகளை நான் பொருட்படுத்துவதில்லை. மலிவான பிளாக் இவற்றைவிடச் சில டிகிரி பின்தங்கியது. அது பின்தங்கியதில் வியப்பில்லை, பின்தங்கிய காரணம்தான் கவனிக்கத்தக்கது.

அதைக் கழற்றிப் பார்த்தபோது, பேஸ்ட் ஒரு மூலையில் கண்ணாடி போல மெலிந்தும் எதிர்மூலையில் தடித்தும் படிந்திருந்தது. எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று காட்டும் தடுப்பு அதன் திருகுகளில் இல்லை. எவ்வளவு இறுக்குவது என்பது மாட்டுபவரின் கையைப் பொறுத்ததாகிவிடுகிறது. திருகுகளை எதிரெதிர் மூலையாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கியதும் பின்னடைவில் பெரும்பகுதி மறைந்தது. ஆக, செம்பு வரிகளில் பெரிய குறையில்லை, பிடிமானத்தில்தான் குறை.

ப்ராசஸர்களின் அமைப்பும் இதே பக்கம்தான் விரல் நீட்டுகிறது. 2021இல் வந்த இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் (ப்ராசஸர் அமரும் இடம்), பூட்டும் சட்டத்தின் அழுத்தத்தால் ப்ராசஸரின் மேல்மூடி சற்றே வளைகிறது. அதற்காகவே தனிச் சட்டங்கள் விற்பனைக்கு வந்தன. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கான ரைசன் ப்ராசஸர்கள் பலவற்றில், கணக்கிடும் சில்லுகள் நடுவில் இல்லாமல் ஒரு விளிம்பை ஒட்டி அமர்ந்திருக்கின்றன. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கக்கூடியது; அதில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டரே பரப்புள்ள இரண்டு சில்லுகளிலிருந்து வெளியேற வேண்டும். வெப்பத்தின் நெரிசல் அங்கேயே, பிளாக்கை எட்டுவதற்கு முன்பே, தொடங்கிவிடுகிறது. பிளாக்கைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி மாட்ட வழி இருக்கிறதா என்பதை, வரிகளின் எண்ணிக்கையை விசாரிப்பதற்கு முன் விசாரிப்பது நல்லது.

நீரின் ஓட்ட வேகம் பற்றிய கவலையும் பெரும்பாலும் மிகையானது. 200 வாட் வெப்பத்தைச் சுமக்கும் நீர், மணிக்கு 60 லிட்டர் ஓடினால் பிளாக்குக்குள் சுமார் 3 டிகிரி சூடேறும். 200 லிட்டர் ஓடினால் 1 டிகிரிக்கும் குறைவு. அதற்கு மேல் பம்பை விரட்டினால் இரைச்சல்தான் மிச்சம்.

நிக்கல் பூச்சு வெப்பத்தைத் தடுக்கும் என்ற அச்சம் வேண்டாம். செம்பைவிட நிக்கல் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும் என்றாலும், பூச்சின் தடிமன் சில மைக்ரான்கள்தான். அலுமினியம் கலந்த பாகங்களை மட்டும் செம்போடு ஒரே சுற்றில் சேர்க்கக் கூடாது, அலுமினியம் அரித்துப்போகும். அக்ரிலிக் மேல்பாகம் பார்ப்பதற்கு அழகு, ஆனால் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும். கண்ணாடி போல உள்ளே தெரிய வேண்டிய அவசியமில்லாதவர்கள் அசிட்டால் என்ற ஒளிபுகாத பிளாஸ்டிக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

ஹீட்கில்லரின் அசிட்டால் வகையே என் தேர்வு. கூலண்டின் வெப்பநிலையைப் பிளாக்கிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு, சிறு திரை பதித்த விஷன் வகை கிரயோஸ் பொருத்தமானது. 65 வாட் ப்ராசஸர் வைத்திருப்பவர் மலிவானதையே வாங்கலாம். ஆனால், பொருத்திய பின் ஒரு முறை கழற்றி, பேஸ்ட் சமமாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிதாகப் பூசி மாட்ட வேண்டும்.