கேரவன் எலக்ட்ரிக் பிரேக்: வோல்ட்டை நம்பாதீர்கள், ஆம்பியரைப் பாருங்கள்

மெல்பர்னில் பழைய கேரவன் (காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கிப் பல வருடமாக இழுத்துக்கொண்டு திரிகிறோம். இரட்டை ஆக்ஸில், நான்கு சக்கரத்திலும் எலக்ட்ரிக் பிரேக். படுக்கை, ஃப்ரிட்ஜ், கூடாரத் துணி பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். எங்களுக்கு ஓயாமல் வேலை வைத்தது பிரேக்தான்.

இதன் அமைப்பு எளிமையானது. சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டப் பார்க்கும்; டிரம் அதைத் தன்னோடு இழுக்க, அதோடு சேர்ந்த லீவர் திரும்பி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை விரிக்கும். காருக்குள் இருக்கும் கண்ட்ரோலர் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். அதனால் பிரேக் மந்தமானால் எல்லோர் கையும் முதலில் கண்ட்ரோலரைத்தான் காட்டும்.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. விக்டோரியாவில் கலிம்னாவிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் ஊருக்கு இறங்கும் சரிவில் பின்னாலிருந்து கேரவன் தள்ளுவது நன்றாகத் தெரிந்தது. கண்ட்ரோலர் விளக்கோ எல்லாம் நலம் என்றது. காட்டிய ஒர்க்‌ஷாப்பில், காரையும் கேரவனையும் இணைக்கும் பிளக்கில் மீட்டர் வைத்து, 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஒயரிங்கில் குறை இல்லை, கண்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும், மின்சாரம் ஓடாதவரை 12 வோல்ட் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

வாங்க வேண்டியது, ஒயரைக் கவ்வியே டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர். மலிவானவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும், பார்த்து வாங்குங்கள். 10, 12 அங்குல பிரேக்கின் காந்தம் ஒன்று 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நான்குக்கும் சேர்த்து 12, 13 வரவேண்டும். ஓம் அளந்தும் பார்க்கலாம்: ஒரு காந்தம் சுமார் 3.2, நான்கும் இணையாக இருந்தால் 0.8. ஆனால் மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும்போது அந்த 0.8-ஐ எப்படி நம்புவது?

காரைச் சந்தேகிப்பதா கேரவனைச் சந்தேகிப்பதா என்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சக்கரங்களில் இறங்கும் எடை 2000 கிலோவைத் தாண்டினால், வண்டி கழன்றாலும் தானே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது நிற்கும் பிரேக்அவே அமைப்பு ஆஸ்திரேலியாவில் கட்டாயம். காரின் பிளக்கைக் கழற்றிவிட்டு (இது முக்கியம், இல்லையென்றால் கண்ட்ரோலர் போய்விடலாம்) பிரேக்அவே சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை உருவினால், கேரவன் பேட்டரியே காந்தங்களுக்கு முழு மின்சாரம் கொடுக்கும். அப்போது ஆம்பியர் சரியாக வந்தால் கோளாறு காரிலோ பிளக்கிலோ. குறைந்தால் கேரவனில். அளந்ததும் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், காந்தம் சூடாகும்.

எங்கள் கேரவனில் வந்தது 7 ஆம்பியர். ஆக்ஸிலுக்கு அருகே தரைக்கடியில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி, செம்பு பாதி காணவில்லை. எர்த் பக்கமும் அதே கதி. வெட்டி எறிந்து, தடித்த ஒயர் போட்டு, ஈயம் வைத்துப் பற்றி, பசை உருகும் ஸ்லீவ் மாட்டினேன். 12-க்கு மேல் ஏறியது.

அடுத்து வந்த கோளாறுதான் நிஜமான தலைவலி. நல்ல தாரில் ஒன்றுமில்லை. மேடுபள்ளத்தில் மட்டும் கண்ட்ரோலர் ஷார்ட் என்று அலறும். நிற்கவைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒயர் ஆக்ஸில் குழாய்க்குள்ளேயே போகிறது, உள்ளே ஆடி ஆடி இரும்பில் தேய்கிறது. காந்தங்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஒயருக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். மனைவி ஒயரின் முனையைப் பிடித்து இழுத்து ஆட்ட, மீட்டர் பீப் பீப் என்றது. குழாய்க்குள் புது ஒயர் விடவில்லை. உறை போட்டு ஆக்ஸிலின் வெளிப்புறமாகக் கட்டிவிட்டேன். ஏன் தொழிற்சாலையிலேயே இப்படிச் செய்வதில்லையோ!

இப்போதெல்லாம் நீண்ட ஓட்டத்தின் நடுவே நிறுத்தும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நான்கு டிரம்மிலும் காட்டுவேன். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் போகிறது. இப்படித்தான் சீல் கசிந்து லைனிங்கில் (ஷூவின் உராயும் பட்டையில்) கிரீஸ் ஏறிய சக்கரம் பிடிபட்டது. கிரீஸ் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும், அதுவும் அதே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும்.

மின்சாரத்தால் இயக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மாறச் சொல்கிறார்கள். பிடிப்பு அதில் அதிகம் என்பது உண்மை. ஆனால் செலவு பல மடங்கு, மின்சாரமும் அதே பழைய ஒயர்களில்தான் போகப்போகிறது. இப்போதைக்கு டிரம்மே போதும்.