லைன் அரேயா, பாயின்ட் சோர்ஸா: பெரிய மைதானத்துக்கு எது சரி?

பெரிய கச்சேரி என்றாலே மேடைக்கு இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டி வரிசை (இதுதான் லைன் அரே) வளைந்து தொங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கொட்டேஷன் கேட்கும்போதே முதல் கேள்வி "லைன் அரே இருக்கா?" என்பதுதான். எத்தனை பெட்டி, மொத்த நீளம் எவ்வளவு, எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் விஷயமே அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நான்கு பெட்டி லைன் அரேயைவிட ஒழுங்காகக் குறிவைத்த இரண்டு நல்ல பாயின்ட் சோர்ஸ் பெட்டிகள் (ஒலி முழுதும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் தனிப்பெட்டிகள்) எவ்வளவோ மேல்.

லைன் அரே வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? மேடையின் இரு ஓரத்திலும் பெட்டிகளை மலை மாதிரி அடுக்கினார்கள். சத்தம் வந்தது, தெளிவு வரவில்லை. காரணம் எளிது. ஒரே ஒலி இரண்டு பெட்டிகளிலிருந்து உங்கள் காதுக்கு வருகிறது, ஆனால் ஒன்று இன்னொன்றைவிட 17 சென்டிமீட்டர் அதிக தூரம் கடந்து வருகிறது என்று வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம், அதனால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் வேறொரு அதிர்வெண் காணாமல் போகும். பத்துப் பெட்டி அடுக்கினால் இந்தக் கூத்து எத்தனை மடங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தவிர்க்க 1974-ல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு செய்தது ஒரு தனிப் பைத்தியக்காரத்தனம் (நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்). ஒவ்வொரு இசைக்கருவிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் தூண், எல்லாம் சேர்ந்து குழுவுக்குப் பின்னால் ஒரு பிரம்மாண்டச் சுவர், எடை சுமார் 75 டன். கிட்டாரும் பாடலும் ஒரே பெட்டியில் கலக்காததால் தெளிவு நன்றாக இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது யாருக்குக் கட்டும்? அந்த ஆண்டோடு அதற்கு மூட்டை கட்டிவிட்டார்கள்.

1992-ல் பிரான்ஸின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் வி-டாஸ்க் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்தவர் கிறிஸ்டியன் ஹைல், இயற்பியலாளர். செங்குத்தாக அடுக்கிய பெட்டிகள் ஒரே நீள மூலமாக நடந்துகொள்ள வேண்டுமானால் டிரைவர்களுக்கு (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் பாகங்கள்) இடையிலான தூரம் அரை அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 2 சென்டிமீட்டர்தான், எனவே எந்த டிரைவரையும் அவ்வளவு நெருக்கமாக வைக்க வழியில்லை. அதனால் ஒரு வேவ்கைடு (ஒலியை வழிநடத்தும் பாதை) செய்து, டிரைவரிலிருந்து கிளம்பும் ஒலி மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி பாதையை அமைத்தார்கள், வெளியே வருவது கிட்டத்தட்டத் தட்டையான ஒரு நாடா. இன்றைக்கு நாம் லைன் அரே என்று சொல்வதெல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

இதில்தான் விற்பனைப் பேச்சு ஆரம்பிக்கிறது. "பாயின்ட் சோர்ஸில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போகும், லைன் அரேயில் 3 டெசிபல்தான் போகும்." பாதி உண்மை. அந்த 3 டெசிபல் ஒரு குறிப்பிட்ட தூரம் வரைக்கும்தான். அந்தத் தூரம் அதிர்வெண்ணையும் வரிசை நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. தோராயமாக, வளையாத நேர் வரிசைக்குக் கணக்குப் போட்டால் 35 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டி 12 தொங்கினால் நீளம் 4.2 மீட்டர், 2 கிலோஹெர்ட்ஸில் எல்லை 50 மீட்டரைத் தாண்டும். அதே வரிசையில் 125 ஹெர்ட்ஸுக்கு எல்லை சுமார் மூன்று மீட்டர்தான், அதாவது பேஸ் கிட்டார் முதல் வரிசை ஆட்களைத் தாண்டும்போதே பாயின்ட் சோர்ஸ் ஆகிவிட்டது. இப்போது நான்கு பெட்டிக்குப் பாருங்கள். நீளம் 1.4 மீட்டர், 2 கிலோஹெர்ட்ஸில் எல்லை சுமார் 6 மீட்டர். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வரிசை எந்தப் பக்கமும் கட்டுப்பாடில்லாமல் ஒலியை வாரி இறைக்கும். லைன் அரேக்கான வாடகையைக் கொடுத்து வாங்கியது என்ன? பெட்டிகளைத் தொங்கவிடும் ரிக்கிங் செலவும் போட்டோவில் நல்ல தோற்றமும்தான்.

சரி, நீளமாகத் தொங்கவிட வசதி இருந்தால்? அப்போது லைன் அரேக்கு நிகராகச் சொல்ல அதிகமில்லை. மேலே உள்ள பெட்டிகளை ஒட்டி நேராக வைத்துக் கடைசி வரிசைக்கும், கீழே உள்ளவற்றை வளைத்து முன்வரிசைக்கும் அனுப்பலாம். முன்னால் இருப்பவர் காதைப் பொத்தாமலும் பின்னால் இருப்பவர் "கேக்கல" என்று கத்தாமலும் சமாளிக்க முடிகிறது. ஆனால் கோணம் ஒவ்வொன்றும் அந்த இடத்துக்காகவே கணக்கிட்டதாக இருக்க வேண்டும். போன ஊரில் போட்ட கோணத்தையே இந்த ஊரிலும் போட்டுவிட்டு இகுவலைசரில் சரிசெய்துகொள்ளலாம் என்பது நடக்காத காரியம். ஸ்பீக்கர் நிறுவனமான டி அண்ட் பி-யின் அரேகால்க் மாதிரி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும்போது கணக்குப் போடாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

எதிர்முகாமில் டாம் டான்லி. அமெரிக்கக்காரர், டான்லி சவுண்ட் லேப்ஸ் நிறுவனத்துக்காரர். இவருடைய வழி நேர் எதிர்: ஹை, மிட், லோ (உயர், நடு, தாழ் அதிர்வெண்) டிரைவர்கள் அத்தனையும் ஒரே ஹார்னுக்குள் (புனல் மாதிரி விரியும் வாய்) திறக்கும், எல்லாம் நெருக்கமாக இருப்பதால் வெளியே ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே ஒலியாகிவிடும். ஜெரிகோ என்ற பெரிய வகை ஹார்ன்களை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானங்களில் ஸ்கோர்போர்டு பக்கம் வைத்து எதிர்க்கோடி வரைக்கும் அடிக்கிறார்கள். காற்று வீசும் திறந்தவெளியில் இதன் அருமை தெரியும். லைன் அரேயில் பல பெட்டிகளின் கூட்டல்தான் ஹை. காற்று கொஞ்சம் திரும்பினாலும் அந்தக் கூட்டல் குலைந்து ஒலி சுழல்வது போலக் கேட்கும். ஒரே ஹார்னில் அந்தத் தொல்லை குறைவு. குறை என்ன? கனம். அப்புறம், ஹார்னின் கோணம் அச்சடித்தது. இடத்துக்கு ஏற்ப வளைக்க முடியாது. தினமும் வேறு ஊர் என்றால் லைன் அரேதான், நிரந்தரமாகப் பொருத்துவதானால் நான் டான்லி பக்கம் சாய்வேன்.

மூன்றாவது வழி, தூரத்தோடு சண்டையே போடாமல் நடுவில் டிலே டவர், அதாவது மேடை ஒலியோடு சேரும்படி தாமதித்து ஒலிக்கும் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரம், நிறுத்துவது. 100 மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 290 மில்லிசெகண்ட் ஆகும். டவருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுத்தால் போதும். நூறு மீட்டருக்கு மேலே எந்த அரேயும் காற்றை ஜெயிக்காது. 15 டிகிரியில் 20 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட காற்றில் 8 கிலோஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டருக்கு 20 டெசிபல் இழக்கும். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தில் 6 டெசிபல்தான். நம்மைப் படுத்தும் சென்னைப் புழுக்கம் ஹை ஃப்ரீக்வென்சிக்கு நல்லதுதான்! ஆனால் டவர் நட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைகிறது, டிக்கெட் விற்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் கசியும் ஒலியைப் பற்றி நம் ஊரில் பேசுவதே இல்லை. 2018-ல் வந்த டி அண்ட் பி-யின் ஜிஎஸ்எல் லைன் அரே, பக்கவாட்டு டிரைவர்களைக் கொண்டு பின்பக்கம் போகும் லோவையும் அடக்குகிறது. சப்பிலும் (பேஸுக்கான சப்வூஃபர்) மூன்றில் ஒன்றைத் திருப்பி வைத்து, டிலே கொடுத்து, போலாரிட்டி மாற்றினால் (அலையைத் தலைகீழாக்கினால்) இதே வேலை நடக்கும், அதற்குப் புதுப்பெட்டிகூட வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கும் ஊரில், பின்தெருவிலிருந்து புகார் போகாமல் பார்த்துக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

லாஸ் வேகஸின் ஸ்ஃபியர் அரங்கம் தனி ரகம். 2023 செப்டம்பரில் திறந்தது, எல்இடி திரைக்குப் பின்னால் ஜெர்மனியின் ஹோலோப்ளாட் பெட்டிகள் சுமார் 1,600, உள்ளே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவர்கள். ஒவ்வொன்றின் நேரத்தையும் மென்பொருள் மாற்றி, கற்றையை எங்கே வேண்டுமோ அங்கே அனுப்புகிறது. கட்டடத்தோடு சேர்த்துத் திட்டமிட்டால் மட்டுமே இது சாத்தியம். வாடகைக்கு எடுத்து நாளைக்கே மாட்டும் சமாச்சாரமில்லை.

ஆக, ஆயிரம் பேருக்குள் என்றால் நான் இரண்டு பாயின்ட் சோர்ஸும் முன்வரிசைக்குச் சின்னதாக நாலு பெட்டியும் கேட்பேன், மிச்சப் பணத்தைச் சப்பில் போடுவேன். பத்தாயிரம் பேர் மைதானத்தில் பக்கத்துக்கு 12 பெட்டிக்குக் குறைவான லைன் அரேயை ஏற்க மாட்டேன். டிரஸ் (பெட்டிகளைத் தொங்கவிடும் சட்டகம்) அந்த எடையைத் தாங்காது என்று கடைக்காரர் சொன்னால் பெட்டியைக் குறைப்பதில்லை, டிலே டவருக்கு இடம் பார்க்க ஆரம்பிப்பேன்.