கூலன்ட் ஒழுகல்: பேப்பர், பிரஷர் டெஸ்டர், யூவி டை, எதை முதலில் எடுப்பது?

கூலன்ட் (இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம்) டப்பாவில் மட்டம் 'MIN' என்ற குறைந்தபட்ச அளவுக் கோட்டுக்குக் கீழே போகிறது, ஊற்றுகிறீர்கள், பத்து நாளில் மறுபடியும் கீழே. இதைச் சொன்னதும் பல இடங்களில் வரும் முதல் பதில் "ரேடியேட்டர் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்பதுதான். என் பழைய டீசல் காரிலும் இதேதான் நடந்தது. முதலில் கூலன்ட் மூடியை மாற்றினார்கள், அப்புறம் மேல் ஹோஸை (ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை) மாற்றினார்கள், மட்டம் இறங்குவது நிற்கவில்லை, மூன்றாவதாக ரேடியேட்டர் என்றார்கள். அங்கே நிறுத்திக்கொண்டேன். ஈரம் எங்கே என்று கண்ணால் பார்க்காமல் இனி ஒரு பாகமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, கசிவைத் தேட இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

காசில்லாத வழி, ராத்திரி வண்டிக்கு அடியில் பேப்பர் விரிப்பது. முன்சக்கரம் இருக்கும் இடத்தைப் பேப்பரில் பேனாவால் குறித்துவிட்டால் காலையில் துளி எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும். இதில் கிடைக்கும் பெரிய லாபம், அது கூலன்ட்தானா என்று உறுதியாவது. நம் ஊர் வெயிலில் ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் கீழே தண்ணீர் சொட்டுவது இயல்பு, அதற்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறம் இருக்கும், விரலில் வழுவழுப்பாக ஒட்டும், லேசான இனிப்பு வாசனை வரும். (முகர்ந்து பார்த்தால் போதும், வாயில் வைக்காதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். அந்த இனிப்புக்காகத் தெரு நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும், அதனால் தரையில் கொட்டியதை உடனே கழுவிவிடுங்கள்.) ஆனால் துளி விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். கூலன்ட் இன்ஜினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும், ஃபேன் காற்றும் ஓடும்போது வரும் காற்றும் அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் எங்கோ ஒரு போல்ட் தலையிலிருந்து சொட்டும். ஆகவே தேட வேண்டியது ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரமான இடத்தை.

பேப்பரில் எதுவும் விழாவிட்டால்? எனக்கு அப்படித்தான். அடுத்து பிரஷர் டெஸ்டர்.

இது ஒரு கைப்பம்பும் முள் வைத்த கேஜும்தான். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, அந்த வாயில் இதை மாட்டிக் காற்றை ஏற்ற வேண்டும். (சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். ஐந்து நிமிடம்தானே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.) எவ்வளவு ஏற்றலாம் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும், பல கார்களில் 0.9 அல்லது 1.1 பார். அதைத் தாண்டினால் நன்றாக இருக்கும் பழைய ஹோஸையோ பிளாஸ்டிக் டேங்கையோ நாமே உடைத்தது போலாகும். ஏற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் முள்ளைக் கவனிக்க வேண்டும். இறங்கினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாய், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை என்று வரிசையாகப் பார்க்கலாம். அந்த ஓட்டை வழியாகக் கூலன்ட் வந்தால் பம்பின் சீல் முடிந்தது. மூடியைச் சோதிக்கவும் இதே கருவியில் அடாப்டர் வரும், நான் தேவையில்லாமல் மாற்றிய மூடியை அன்றைக்கே சோதித்திருக்கலாம்.

முள் இறங்குகிறது, வெளியே எல்லாம் காய்ந்திருக்கிறது என்றால் உள்ளே தேட வேண்டும். முன் சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். நம் ஊரில் ஹீட்டர் போடுவதே இல்லை என்பதால் ஹீட்டர் கோர் (சூடான கூலன்டால் காருக்குள் வெப்பக் காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும், ஆனால் பல கார்களில் அதற்குள் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏசி வடிகுழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும், அதனால் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது முக்கியம்.

டெஸ்டரின் பலம் அது அப்போதே பதில் சொல்வது. ஆனால் சோதனை நடப்பது ஆறிய இன்ஜினில். சில கசிவு ஆறியபோது மட்டும் வரும், ரப்பரும் உலோகமும் சுருங்கிக் கிளாம்ப் தளர்ந்துபோவதால். அதை டெஸ்டர் பிடித்துவிடும். சில கசிவு சூட்டில், ஏற்றத்தில், இன்ஜின் அதிரும்போது மட்டும் வரும், அதை டெஸ்டர் தவறவிடலாம். என் காரில் முள் பதினைந்து நிமிடமும் அசையவில்லை. ஆனால் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறி இறங்கினால் மட்டம் விரல் அளவு குறைந்திருக்கும்.

இந்த மாதிரிக் கசிவுக்குத்தான் யூவி டை, அதாவது யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் ஒளிரும் சாயம். கூலன்டுக்கென்றே விற்கும் டையை, பாட்டிலில் சொன்ன அளவு மட்டும் ஊற்றி, வழக்கம்போல ஓட்ட வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் ஆவியானாலும் டை அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், டையின் சிறப்பே அதுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல பச்சைக் கூலன்ட்களில் ஒளிரும் சாயம் ஏற்கெனவே இருக்கும், பழைய ஒழுகல் கறையும் சேர்ந்து ஒளிரும். முதலில் சந்தேகப்படும் இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்கினால்தான் புதிது எது என்று தெரியும்.

மூன்று நாள் ஓட்டிவிட்டு, ராத்திரி வாசல் விளக்கை அணைத்து, பானெட்டைத் தூக்கி, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு யூவி டார்ச்சை அடித்தேன். ரேடியேட்டர் முழுக்க இருட்டு. ஹோஸ்களும் இருட்டு. தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் அடியில், இன்ஜினோடு சேரும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு, அதிலிருந்து கியர்பாக்ஸ் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவு ஒரு திட்டு. சூட்டில் கசிந்து கீழே விழுமுன்பே அங்கேயே காய்ந்திருக்கிறது, பேப்பரில் ஏன் எதுவும் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பகலில் அதே இடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை.

டையிலும் எதுவும் ஒளிராமல் மட்டம் மட்டும் இறங்கினால், சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்கும் கெமிக்கல் சோதனை இருக்கிறது. கூலன்ட் வாய்க்கு மேலே வரும் காற்றை நீலத் திரவத்துக்குள் உறிஞ்ச வேண்டும், புகையின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நிறம் மாறும். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, விடாமல் வரும் வெள்ளைப் புகை, இவையெல்லாம் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை) சந்தேகித்து இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். டீசல் வண்டியில் ஈஜிஆர் கூலரும் (இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலன்டால் ஆறவைக்கும் பாகம்) வெளியே ஒரு துளி காட்டாமல் கூலன்டைக் குடிக்கும்.

கடையில் விற்கும் ஒழுகல் அடைக்கும் திரவத்தை இந்த வரிசையில் நான் சேர்க்கவே மாட்டேன். அது கண்டுபிடிக்க உதவாது, ஹீட்டர் கோரின் சின்னக் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது வீடு வந்து சேர மட்டும் சரி.

எனவே கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தரையில் துளி விழும் வண்டிக்கு பிரஷர் டெஸ்டர், தரை காய்ந்திருந்தும் மட்டம் இறங்கும் வண்டிக்கு டை. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் டெஸ்டர் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே போங்கள், "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி ஈரத்தைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், டார்ச்சை உங்கள் கையிலேயே கொடுப்பார்.

என் காரில் தெர்மோஸ்டாட் கூட்டையும் அதன் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையத்தையும்) மாற்றி, ஒளிர்ந்த இடங்களைத் துடைத்துவிட்டு, டப்பாவில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு மறுபடி கொடைக்கானல் ஏறி இறங்கினேன். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டம் கோட்டிலேயே நின்றது. அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது கியர்பாக்ஸ் மேல் ஒளி எதுவும் இல்லை.