ஜாயின்டைப் பார்த்து வாங்குங்கள்: இல்கா படகுக்கான டில்லர் எக்ஸ்டென்ஷன்கள்

படகுச் சாமான் விற்கும் தளங்களில் டில்லர் எக்ஸ்டென்ஷன் என்று தேடினால் முதலில் எழும் கேள்வி, கார்பனா அலுமினியமா என்பது. சுக்கானைத் திருப்பும் தண்டுதான் டில்லர்; படகின் ஓரத்தில் இருந்தபடியே அதை இயக்க அதன் முனையில் மாட்டும் குழாய்தான் எக்ஸ்டென்ஷன். வாங்குபவர்கள் பலரும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு தகராறு செய்வது பெரும்பாலும் குழாய் அல்ல. குழாயையும் டில்லரையும் இணைக்கும் விரல் நீள ஜாயின்டோ, தப்பாகத் தேர்ந்த நீளமோதான் காலை வாரும். அதனால் இந்த மதிப்பீட்டில் குழாய்க்குக் கடைசி இடம்.

எடுத்துக்கொண்ட படகு இல்கா. 2019 வரை லேசர் என்று அழைக்கப்பட்ட, 4.2 மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஆள் படகு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியலும் இந்தக் குடும்பம்தான். இன்று அதன் பெயர் இல்கா 6. பாய், பாய்மரம், அடிப்பலகை என்று எல்லாவற்றையும் கறாராகக் கட்டுப்படுத்தும் இந்த வகுப்பின் விதிகள், எக்ஸ்டென்ஷனை மட்டும் ஓட்டுபவர் விருப்பத்துக்கே விட்டிருக்கின்றன. நீளம், பொருள், ஜாயின்ட் எல்லாம் உங்கள் தேர்வு. தப்பு செய்யவும் அதே அளவு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

நீளத்திலிருந்து தொடங்குவோம்

சந்தையில் இல்காவுக்கென்று விற்பவை பெரும்பாலும் 1 மீட்டருக்கும் 1.25 மீட்டருக்கும் இடைப்பட்டவை. கால்களைப் படகின் உள்ளே இருக்கும் பட்டையான ஸ்ட்ராப்பில் மாட்டி உடம்பை முழுக்க வெளியே சாய்க்கும்போது, டில்லர் நடுவில் இருக்க, எக்ஸ்டென்ஷன் உங்கள் மார்புக்குக் குறுக்கே வந்து, முழங்கை மடங்கிய நிலையிலேயே கையில் பிடிபட வேண்டும். கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் குழாய் குட்டை. அலை தூக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் தோள்பட்டை சுக்கானை இழுக்கும். படகு நேராக ஓடாது.

மிக நீளமாக இருந்தால் வேறு தொல்லை. டேக் செய்யும்போது, அதாவது முகப்பைக் காற்றுக்கு ஊடாகத் திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றும்போது, எக்ஸ்டென்ஷனின் முனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வட்டமடித்துப் போக வேண்டும். அந்த வட்டத்தின் முன்பக்கத்தில்தான் ஆள் உட்காரும் பள்ளமான காக்பிட்டின் நடுவிலிருந்து மேலே ஏறும் மெயின்ஷீட், அதாவது பாயை இழுக்கும் கயிறு, நிற்கிறது. குழாய் அதைத் தாண்டும் நீளம் என்றால், ஒவ்வொரு டேக்கிலும் முனையைத் தூக்கித்தான் மெயின்ஷீட்டைக் கடக்க முடியும். அதிகமாகத் தூக்கினால் பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் தண்டில் இடிக்கும். பழகியவர்கள் 1.2 மீட்டர் குழாயை யோசிக்காமல் சுழற்றிவிடுவார்கள். புதிதாகக் கற்பவருக்கு 1.05 மீட்டர் போதும். காற்று சாய்க்கும் நேரத்தில் குழாய் மெயின்ஷீட்டில் சிக்கினால் அடுத்த நிமிடம் நீச்சல்தான்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வழி இருக்கிறது. வீட்டு மின்கம்பி இழுக்கும் 20 மி.மீ. பிவிசி குழாயில் 1.3 மீட்டர் வாங்கி, பழைய ஜாயின்டில் சொருகி டேப் சுற்றுங்கள். கரையில் ட்ராலி மேலேயே படகை வைத்து, பாயை ஏற்றாமல், ஸ்ட்ராப்பில் கால் மாட்டி உட்கார்ந்து பாருங்கள். 5 செ.மீ., 5 செ.மீ. ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும்தான் இந்தக் குழாய். வளைந்து கொடுக்கும் பிவிசியை நம்பிக் கடலுக்குள் போக வேண்டாம். கையில் சரியாக அமர்ந்த இடத்துக்கு மேல் 10 செ.மீ. மிச்சம் விட்டால் அதுதான் உங்கள் அளவு. கடையில் வாங்கியதை அறுத்துக் குறைக்கலாம், நீட்ட முடியாது.

மற்ற படகுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ட்ரபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பி) தொங்கி ஓட்டும் 29இஆர், 49இஆர் வகைகளில் எக்ஸ்டென்ஷன் சுமார் 2 மீட்டரும் அதற்கு மேலும் போகும். குழந்தைகளின் ஆப்டிமிஸ்டில் அதில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

ஜாயின்ட்

மூன்று வகை உண்டு. ரப்பர் அல்லது யூரித்தேன் துண்டு. ஊசியும் கவட்டையும் கொண்ட எஸ்.எஸ். ஜாயின்ட், பொத்தானை அழுத்திக் கழற்றும் குவிக் ரிலீஸ்.

இல்காவுக்கு ரப்பர்தான் சரி என்பதில் தயக்கமே இல்லை. ஆட்டம் கிடையாது, சத்தம் கிடையாது, எந்தக் கோணத்துக்கும் வளையும். ஓரளவு விறைப்பாக இருப்பதால் கையை விட்டாலும் குழாய் உடனே தண்ணீரில் விழாமல் சற்றே நிமிர்ந்து நிற்கும். பிரிட்டனின் ஸ்பின்லாக் தன் ரப்பர் ஜாயின்டுக்கு டயாப்லோ என்று பெயர் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரான்ஸ்டன் பேட்டில்ஸ்டிக் என்ற வரிசையை யூரித்தேன் ஜாயின்டோடு விற்கிறது. இரண்டும் தரமானவை. பேர் தெரியாத மலிவு ஜாயின்டும் ஓடும், ஆனால் வாங்கும்போதே கையில் எடுத்து 90 டிகிரி மடக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்புறத்தில் முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் அது கடை அலமாரியிலேயே வயசான சரக்கு.

ரப்பரின் எதிரி வெயில். நம் ஊர்க் கரையில் மூடாமல் கிடக்கும் படகில் ஜாயின்டின் கழுத்து சீக்கிரமே வெளுத்து வெடிக்கும். பார்ப்பதற்கு முழுசாகத்தான் இருக்கும். பலமான காற்றில் ஒரு இழுப்பு, குழாய் கையோடு வந்துவிடும். அதனால் ஜாயின்ட் தனியாக உதிரியாகக் கிடைக்கும் மாடலையே வாங்குங்கள். ஒட்டி மூடிய, ஜாயின்ட் போனால் முழுதையும் தூக்கிப்போட வேண்டிய மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எஸ்.எஸ். ஜாயின்ட் அறுந்துவிடாது. ஆனால் ஊசி போகும் துளை தேய்ந்து கடகடக்கும். அந்த ஆட்டம் முழுக்கச் சுக்கானில் தெரியும். இன்னொரு குறை, பலவற்றின் மடங்கும் கோணம் குறைவு. டேக்கின் நடுவில் குழாயைச் செங்குத்தாகத் தூக்கும்போது கவட்டை முட்டி நிற்கும். அதற்கு மேல் தள்ளினால் குழாயே நெம்புகோலாகி, ஜாயின்டை டில்லரோடு பிடித்திருக்கும் அடித்தட்டின் ஸ்க்ரூவைப் பிடுங்கும். ஸ்க்ரூ லூசு என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மூலம் இதுதான். பெரிய ஸ்க்ரூ போட்டுச் சரியாகாது.

குவிக் ரிலீஸ் வசதி, ஆனால் பொத்தானுக்குள் உப்பும் மணலும் போனால் பாதியில் நிற்கும். ‘கிளிக்’ கேட்காத ஜாயின்ட் நடுக்கடலில் கழன்றுபோகும். நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் இல்லாதவர்கள் தவிர்க்கலாம்.

டெலஸ்கோப் மாடல்கள்

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டெலஸ்கோப் எக்ஸ்டென்ஷன், காக்பிட்டுக்குள்ளும் ஓரத்திலும் மாறி மாறி உட்காரும் கீல் படகுகளுக்காக (அடியில் கனத்த கீல் பொருத்தியவை) பிறந்தது. ஜே/24 மாதிரிப் படகில் அதற்கு முழு மதிப்பெண். இல்காவில் தேவையே இல்லாத எடை, தேவையே இல்லாத பூட்டு. உயரம் வேறுபட்ட பலர் ஒரே படகை ஓட்டும் பயிற்சிப் பள்ளிகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். வாங்கினால், பாதி நீளத்தில் பூட்டி, சுவரில் முனையை வைத்து உடம்பு எடையால் தள்ளிப் பாருங்கள். நழுவினால் திருப்பிக் கொடுங்கள். முறுக்கிப் பூட்டும் வகைக்கு எண்ணெயோ கிரீஸோ போடவே கூடாது. பூட்டு பிடிப்பதே உராய்வால்தான். கழற்றி நல்ல தண்ணீரில் மணலைக் கழுவிக் காயவைத்தால் போதும்.

குழாயும் பிடியும்

அலுமினியம் வளையும், கார்பன் உடையும். முக்கிய வித்தியாசம் இதுதான். வளைந்த அலுமினியத்தோடு கரைக்கு வந்துவிடலாம். அதை முழங்காலில் வைத்து நிமிர்த்தி மறுபடி ஓட்டினால் அடுத்த முறை அதே இடத்தில் முறியும். கார்பன் இலேசு, விறைப்பு அதிகம், சுக்கானின் நடுக்கம் விரலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படகின் ஓரத்தில் இடித்து இடித்து ஒரே இடம் நைந்துபோகும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. உடைந்த கார்பனின் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கற்கும் காலத்தில் அலுமினியம், பந்தயத்துக்குப் போன பின் கார்பன் என்பதே நியாயமான வரிசை.

எதை வாங்கினாலும் இரண்டு முனையும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் புகும் குழாய் கனக்கும், கழன்றால் மூழ்கும்.

கருப்பு ஃபோம் பிடி கடையில் மெத்தென்று இருக்கும். தண்ணீர் குடித்து, கிழிந்து, முறுக்கிக்கொள்ளும். அதைவிட 2 மி.மீ. கயிற்றைச் சுருளாகச் சுற்றி, அதன் மேல் டென்னிஸ் மட்டைக்கான கிரிப் டேப் சுற்றுவது நீடிக்கும். முனையில் ஒரு குமிழ் அவசியம். ஈரக் கை அதில்தான் நிற்கும்.

பொருத்தும் முறை

வேண்டியவை: இரண்டு எம்5 போல்ட், எஸ்.எஸ். 316 தரம், நைலாக் நட், வாஷர், 5 மி.மீ. ட்ரில் பிட், துரு தடுக்கும் பேஸ்ட் (டெஃப்ஜெல் அல்லது டியூராலாக்), 3 மி.மீ. டைனீமா கயிறு அரை மீட்டர்.

ஜாயின்டின் அடித்தட்டை டில்லரின் முன்முனையிலிருந்து 25–30 மி.மீ. உள்ளே வையுங்கள். மேல்பக்கத்தின் நடுக்கோடு பிசகக்கூடாது. பிசகினால் ஒரு பக்க டேக்கில் மட்டும் ஜாயின்ட் முறுக்கும். வட்டக் குழாயில் நடுக்கோடு எடுக்க, டில்லரைச் சுக்கான் தலையில் மாட்டி ஊசியும் போட்ட பிறகு குறியுங்கள். மேசையில் வைத்துக் குறித்தால் கோணல் உறுதி. பன்ச் வைத்து ஒரு தட்டு, பிறகு முதல் துளை. அதில் போல்ட்டைப் போட்டு நிறுத்தியபின் இரண்டாவது.

டில்லர் உள்ளே பொள்ளலாக இருப்பதால் நட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். இதுதான் அதிகம் நடக்கும் தவறு. போல்ட் போகும் இடத்தில் இறுக்கமாகப் பொருந்தும் தேக்குக் கட்டையோ நைலான் உருளையோ சுமார் 80 மி.மீ. நீளத்துக்கு உள்ளே அடித்து, அதன் ஊடாகத் துளையிடுங்கள். தேக்கு என்றால் துளைக்குள் எபாக்சி பூசிக் காயவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் ஊறும். மர டில்லருக்கும் இதே விதி. மர ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

எஸ்.எஸ். போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிவது அதன் அடையாளம். போல்ட்டின் தண்டு, தலையின் அடிப்பக்கம் இரண்டிலும் பேஸ்ட் தடவுங்கள். கார்பன் டில்லரில் அலுமினிய ரிவெட் அடிப்பது இதைவிட மோசம். கார்பனைத் தொட்ட அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். நட்டுக்குக் கீழே நீளும் போல்ட்டை அறுத்து அரம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டெக்கைக் கீறும், கால் ஆடுசதையையும் கீறும்.

குழாய்ப் பக்கத்தில் ஜாயின்டின் அடைப்பு நைலானாக இருந்தால் எபாக்சி மட்டும் நிற்காது. நைலானில் அது சரியாக ஒட்டாது. 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஒட்டியபின், குழாய் முனையிலிருந்து 15 மி.மீ. தள்ளி ஒரு ரிவெட்டும் போடுங்கள். கார்பன் குழாயில் துளையிடும் முன் டேப் சுற்றிக்கொண்டால் இழை பிரியாது.

கடைசியாக டைனீமா. டில்லரிலிருந்து ஜாயின்டைத் தாண்டிக் குழாய்க்கு ஒரு வளையம் கட்டுங்கள். குழாயை எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவுக்குத் தளர்வு. ரப்பர் அறுந்தால் குழாய் டில்லர் முனையைவிட்டு ஓர் அங்குலத்துக்கு மேல் விலகாத அளவுக்கு இறுக்கம். அந்த முடிச்சை வைத்தே கரை வரை ஓட்டிவரலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் சுக்கான் பலகையை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் எக்ஸ்டென்ஷன் முனையைத் தள்ளி இழுத்துப் பாருங்கள். முனை தளர்வாக ஆடினால் ஜாயின்டைக் குறை சொல்வதற்கு முன் டில்லர் சுக்கான் தலைக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அங்கே ஒட்டினால் நின்றுவிடும்.